வந்தது 26, போனது 31

அத்தியாயம் 11

நேற்று வரை மூன்று வினாடியில் நின்றுகொண்டிருந்த டேப், இன்று காலை பதினொரு வினாடி ஓடியது. பிறகு நின்றது.

ஷிபானா ஸ்பூலைக் கையால் பின்னுக்குச் சுற்றினாள். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால், டேப் உரசிப் போகும் ஹெட்டைத் துடைத்தாள். பஞ்சில் காபிப்பொடி நிறத்தில் பிசுபிசுவென்று ஏதோ வந்தது. மறுபடியும் பட்டனை அழுத்தினாள். ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கி வைத்திருந்தாள். சத்தம் முக்கியமில்லை, எந்த இடத்தில் ஒட்டுகிறது என்று பார்த்தால் போதும். சக்கரங்கள் திரும்பின. பதினோராவது வினாடியில் எண்ணெய் காணாத கதவுக் கீல் மாதிரி ஒரு 'க்ரீச்'. டேப் ஹெட்டோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

ஒரே டிரங்குப் பெட்டி, ஒரே பரண், ஒரே நாற்பது வருட மழையும் வெயிலும். இருபத்து மூன்று ஸ்பூல்களில் இருபத்திரண்டு நன்றாக ஓடுகின்றன. இந்தப் பதினேழாவது மட்டும் ஏன் ஓடவில்லை?

ஸ்பூல் டேப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. கேசட்டைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் ஓடும் டேப்பை ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலமாக்கி, டிபன் தட்டு அளவுச் சக்கரத்தில் திறந்தபடி சுற்றி வைத்தால் அதுதான் ஸ்பூல். கேசட் வருவதற்கு முன்பு பாட்டு, பேச்சு எல்லாம் இதில்தான் பதிவானது.

ஷிபானாவின் அத்தா, அதாவது அப்பா, அமீனுதீன் எழுபத்தொன்பதிலிருந்து ஐந்து வருடம் பஹ்ரைனில் ஒரு ஹோட்டலில் எலக்ட்ரீஷியனாக இருந்தார். அந்த ஹோட்டல் ஹாலில் வாரத்துக்கு மூன்று நாள் ஜாஸ் கச்சேரி நடக்கும். கோவாவிலிருந்து போன சாக்ஸபோன்காரரும் அவருடைய ஆட்களும் வாசிப்பார்கள். மைக்கும் ஒயரும் அத்தாவின் பொறுப்பு. யாரும் கேட்காமலே அவர் அதையெல்லாம் பதிவு செய்து வைத்தார். ஊருக்குத் திரும்பி மங்கலம்பேட்டையில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். ஐந்து மாதத்துக்கு முன் மௌத்தாகி அடக்கமானார். கடைக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று பரணைக் காலி செய்தபோதுதான் இந்த டிரங்குப் பெட்டி இறங்கியது. உள்ளே ஸ்பூல்களும், அவற்றை ஓட்டும் மெஷினும்.

வாங்க ஒருவர் கிடைத்துவிட்டார். புதுச்சேரி பாஸ்கல், பழைய ரிக்கார்டுகள் சேகரிப்பவர். பெல்ஜியத்தில் அவருக்குத் தெரிந்த ஒருவர் இப்படிப்பட்ட ஹோட்டல் ஜாஸைத் தேடி அலைகிறாராம். விற்ற பணத்தில் அத்தா பேரில் பள்ளிவாசலுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டுவது என்று முடிவாகிவிட்டது. இன்று மாலை ஐந்து மணிக்குப் பாஸ்கல் வருகிறார், இருபத்து மூன்றையும் எடுத்துப்போக.

ஷிபானா ஒயரைத் திரும்பச் செருகினாள். கடைசியாக ஒரு முறை, சத்தத்தோடு.

'உஸ்' என்ற இரைச்சல். அப்புறம் ஒரு பெண் குரல். இளசான குரல், ஆனால் அழுது அழுது கட்டிப்போனது.

"நான் சம்சாத் பேசறேன். இன்னிக்கு நாப்பதாம் நாளு. நீங்க..."

க்ரீச்.

சமையல்கட்டில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது. ஈரக் கையோடு அம்மா வாசற்படியில் வந்து நின்றாள். சம்சாத் பேகம், அறுபத்தைந்து வயது. டேப்பில் பேசியவளும் அவள்தான்.

"ம்மா, ஒன் கொரலும்மா இது! இது எப்பிடி இதுல..."

"அத்த நிறுத்து."

"நின்னுதாம்மா போச்சு. அதான பிரச்சினையே. நாப்பதாம் நாளுன்றியே, எதுக்கு நாப்பது?"

அம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். கை காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"சாயந்தரம் அந்த பாண்டிக்காரரு வருவாரில்ல? மொதல்ல அத்த எடுத்துக் குடுத்துடு. வூட்டுல இருக்க வேணாம்."

---

தம்பி அஷ்ஃபாக் ஷார்ஜாவிலிருந்து வீடியோவில் வந்தான். பல் தேய்த்துக்கொண்டே பேசினான்.

"அம்மா வேணாம்னா வுட்டுடுக்கா. நீ ஏன் நோண்டுற?"

"டேய், மத்த இருபத்திரெண்டுலயும் அத்தா ஒரு வார்த்த பேசலடா. இதுலதான் மனுஷக் கொரலே வருது. அத்தாவும் பேசியிருந்தா?"

அஷ்ஃபாக் பிரஷை வாயிலிருந்து எடுத்தான்.

தொண்டையில் வந்த நோய்க்காகப் பதினான்கு வருடம் முன்பு அத்தாவின் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் கட்டில் சட்டத்தில் விரலால் தட்டித்தான் வீட்டோடு பேசினார். இரண்டு தட்டு என்றால் தண்ணீர். மூன்று தட்டு என்றால் 'சம்சாத், இங்க வா'. அவர் குரல் இருந்த காலத்தில் அதைப் பிடித்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. ரேடியோ ரிப்பேர் செய்கிறவர் வீட்டிலேயே அந்தக் குரல் இல்லை.

இந்த இருபத்திரண்டு ஸ்பூல்களையும் வீட்டில் ஷிபானாவும் அம்மாவும், போனில் அஷ்ஃபாக்குமாக மூன்று பேரும் அதற்காகத்தான் உட்கார்ந்து கேட்டார்கள். கிடைத்தது தட்டுதான். முதல் ஸ்பூல் தொடங்கும்போது மைக்கில் ஒரு தட்டு. இரண்டாவதில் இரண்டு. விருந்தினர் சாப்பிடும் ஹாலில் எலக்ட்ரீஷியன் வாய் திறக்கக் கூடாது. அதனால் ஸ்பூலின் நம்பரை விரலால் தட்டிப் பதிந்திருக்கிறார். இருபத்து மூன்றாவதில் இருபத்து மூன்று தட்டு, நிதானமாக, எண்ணிக்கை தவறாமல்.

அட்டைப்பெட்டிகள் பரணில் மாறிக் கிடந்ததால் எது முன், எது பின் என்று பாஸ்கல் திணறிப்போயிருந்தார். தட்டுகள்தான் அவருக்கு வழி காட்டின. பன்னிரண்டு தட்டு ஸ்பூலில், மேடையில் ஒருவர் எண்பத்திரண்டாம் ஆண்டுக்குப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்கிறார். அப்படியானால் அதற்குக் குறைந்த தட்டெல்லாம் அதற்கு முன்னால், கூடிய தட்டெல்லாம் அதற்குப் பின்னால். எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினார்கள். பதினேழு தட்டு மட்டும் எங்கேயும் இல்லை. தொடக்கத்தில் தட்டே இல்லாமல், ஓடாமல் மிஞ்சிய ஸ்பூல்தான் பதினேழு.

அதன் அட்டையில் அத்தாவின் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. 'வந்தது 26. போனது 31.' ஏதோ சாமான் கணக்கு என்று விட்டுவிட்டார்கள்.

"அஞ்சு மணிக்குள்ள ஒன்னால ஓட்ட முடியுமா?" அஷ்ஃபாக் கேட்டான்.

"தெரியலடா."

"அப்ப அம்மா சொல்றதுதான்."

---

ஷிபானா வேலை செய்வது செராமிக் பட்டறையில், சூப்பர்வைசர். வீடுகளில் மீட்டர் பக்கத்தில் வெள்ளையாக ஒரு ஃபியூஸ் கட்டை இருக்கிறதல்லவா, அதைச் செய்கிற இடம். அச்சில் அழுத்தி எடுத்த பச்சை மண் கட்டைகளை நேராகச் சூளைக்கு அனுப்பக் கூடாது. முதலில் டிரையர் என்கிற சூட்டு அறைக்குள் போக வேண்டும். அந்த அறை கொளஞ்சியின் ராஜ்ஜியம். இருபத்தாறு வருடமாக அதே கதவு, அதே ஸ்டூல்.

இன்று அவர் ஸ்டூலில் இல்லை. ஒரு டிரே நிறைய உடைந்த கட்டைகளோடு வாசலில் நின்றிருந்தார்.

"பாத்தியாம்மா? நைட் ஷிஃப்ட்டு மவராசன் டிரையர்ல வைக்காத நேரா ஏத்திட்டான். முப்பது பீஸு. பாப்கார்னு மாரி வெடிச்சிருக்குது."

"காஞ்சிருந்துச்சுன்னு சொல்லியிருப்பான்."

"அதான் சொல்றான். மேல தொட்டா காஞ்ச மாரிதான் இருக்கும். உள்ளாற தண்ணி குந்திக்கினு இருக்கும். மழ நாள்ல காத்துலேருந்தே இழுத்துக்கும் மண்ணு. அந்தத் தண்ணிய மெள்ள வெளிய அனுப்பணும்மா. தொரத்துனா வெடிக்கும், வுட்டுட்டா கெட்டுப்பூடும்."

ஷிபானா ஒரு உடைந்த துண்டைக் கையில் எடுத்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

டேப் என்பது என்ன? ஒரு பிளாஸ்டிக் நாடா. அதன்மேல் ஒரு பசை. அந்தப் பசையில் ஒட்டிய மெல்லிய இரும்புத் துருத் தூள். குரல் இருப்பது அந்தத் தூளில். தூளைப் பிடித்து வைத்திருப்பது பசை. பசை காற்றிலிருந்து ஈரத்தை இழுத்தால்? இளகும், பிசுபிசுக்கும், ஹெட்டில் ஒட்டும். பஞ்சில் வந்த காபிப்பொடி நிறம் அதுதான்.

அப்படியானால் மற்ற இருபத்திரண்டு ஏன் இளகவில்லை?

அவற்றின் முதுகுப்பக்கம் பளபளப்பாக இருக்கும். பதினேழின் முதுகு கறுப்பு, மங்கல், பூச்சு அடித்தது. வேறு கம்பெனி, வேறு பசை. டிரங்குப் பெட்டியில், இருபத்து மூன்றில் சேராமல், அதே கறுப்பு முதுகோடு இன்னொரு ஸ்பூலும் இருந்தது, ஒன்றும் பதியாத வெற்று ஸ்பூல். அதுவும் ஒட்டுகிறது என்பது நேற்றே தெரியும். அது ஏன் என்றுதான் தெரியாமல் இருந்தது.

பாஸ்கலுக்கு போன் போட்டாள்.

"ஈரம்தாம்மா, சந்தேகமே இல்ல," என்றார் அவர். "வெளிநாட்டுல இந்தக் கறுப்பு முதுகு டேப்ப சூட்டுல வச்சுத்தான் ஓட்டுவாங்க. ஆனா நம்மால ஆவாது. என் சிநேகிதர் ஒருத்தர் கேக் சுடுற ஓவன்ல வச்சாரு. அப்பளமா வந்துச்சு. அம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவுல நிக்கணும், ஆடவே கூடாது. எட்டு மணி நேரம். அந்த மாதிரி பெட்டி விருத்தாசலத்துல எங்க இருக்கு சொல்லுங்க?"

ஷிபானா நிமிர்ந்து பார்த்தாள். டிரையர் வாசலுக்குப் பக்கத்துத் தட்டில் தொங்கும் தெர்மாமீட்டர் ஐம்பத்து நான்கு காட்டியது. நேற்றும் அதே ஐம்பத்து நான்கு. அது ஆடினால் கொளஞ்சி ஆடித் தீர்த்துவிடுவார்.

"இருக்குது சார்," என்றாள்.

"ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க. ஸ்பூல வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க. சுத்தி வச்ச டேப்பு வழியா வெளிச்சம் தெரிஞ்சா அது ரொம்பப் பழைய ரகம். சூட்டுல வச்சா நாசம். இருட்டா இருந்தா வைக்கலாம்."

எடுத்த எடுப்பில் பதினேழை வைக்க அவளுக்குத் துணிவு வரவில்லை. புது மண் வந்தால் முதலில் ஒரு சோதனைத் துண்டுதான் சூளைக்குப் போகும். ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போய் வெற்று ஸ்பூலை எடுத்து வந்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள். இருட்டு.

"இன்னாம்மா இது, வடச்சட்டி மூடியாட்டம்?" கொளஞ்சி கேட்டார்.

"அத்தாவோடது, கொளஞ்சிண்ணே."

அவர் கிண்டலை நிறுத்திவிட்டு ஒரு துணியை உதறி, தட்டைத் துடைத்து இடம் செய்தார். மணி எட்டே கால்.

மணிக்கு ஒருமுறை ஸ்பூலைக் கால் சுற்று திருப்பி வைத்தாள். எல்லாப் பக்கமும் ஒரே சூடு படுவதற்கு. ஃபியூஸ் கட்டைக்கும் அதே முறைதான். மதியம் அவள் சாப்பிடப் போனபோது கொளஞ்சியே திருப்பினார். ஒவ்வொரு திருப்பலுக்கும், கட்டைகளுக்குச் செய்வதுபோல, சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தார்.

நான்காவது கோட்டைப் பார்த்தபோதுதான் ஷிபானாவுக்கு அந்த அட்டை நினைவு வந்தது. வந்தது 26. போனது 31. கூட்டினால் ஐம்பத்தேழு.

டேப்பின் நீளம் அட்டையிலேயே அச்சாகியிருந்தது, ஆயிரத்து இருநூறு அடி. பாட்டு பதிவதென்றால் டேப்பை வேகமாக ஓட்டுவார்கள், முப்பத்திரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். வெறும் பேச்சுக்குப் பாதி வேகம் போதும். அப்போது அறுபத்து நான்கு நிமிடம் வரும். அம்மாவின் குரல் சரியாகக் கேட்டது அந்தப் பாதி வேகத்தில்தான்.

ஐம்பத்தேழு நிமிடப் பேச்சு அதில் அடங்கும். அம்மாவிடமிருந்து வந்தது இருபத்தாறு நிமிடம்.

போனது முப்பத்தொன்று.

---

ஷிபானா வீட்டுக்கு வந்தபோது ஐந்தரை. பாஸ்கல் ஏற்கெனவே வந்து, கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஸ்பூல்களைப் பஞ்சு வைத்த அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். கழுத்தில் எப்போதும் ஹெட்போன். பக்கத்தில் சமோசாத் தட்டு காலியாக இருந்தது.

"உங்க அம்மா கைச் சமோசாவுக்காகவே நான் இந்தப் பக்கம் வீடு பாத்துடுவேன்," என்றார்.

பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே பதினேழு இருந்தது.

"சார், அது ஜாஸ் இல்ல."

"தெரியும்மா. அம்மா சொன்னாங்க, பேச்சுதான்னு. அதனாலதான் அது எனக்குக் கட்டாயம் வேணும். பெல்ஜியத்துக்காரரு பாட்ட மட்டும் கேக்கல. பதிவு பண்ணுன மனுஷன் யாரு, அவரு வீடு எப்படி, அதெல்லாம் கேக்குறாரு. இது இருந்தா மொத்தத்துக்கும் மதிப்பு கூடுது. நான் மறச்சு வாங்க மாட்டேன், நேராவே சொல்லிட்டேன்."

"நான்தான் எடுத்துக்கச் சொன்னேன்," அம்மா சுவரோரம் உட்கார்ந்தபடி சொன்னாள்.

"ம்மா, அதுல அத்தா பேசுறாங்கம்மா."

அம்மா நிமிரவில்லை.

"அட்டையில எழுதியிருக்கறது சாமான் கணக்கு இல்ல. ஒங்கிட்டேருந்து வந்தது இருபத்தாறு நிமிஷம். அவங்க ஒனக்குத் திருப்பிப் பேசி அனுப்புனது முப்பத்தொண்ணு. ரெண்டையும் இதுல ஏத்தி வச்சிருக்காங்க."

பாஸ்கல் கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தார். "நான் வெளிய போயி ஆட்டோக்காரருக்கு ஒரு போன் பண்ணிட்டு வரேன்," என்று எழுந்து போனார். போன் அவர் உட்கார்ந்திருந்த இடத்திலேயே கிடந்தது.

அவர் வாசலைத் தாண்டியதும் அம்மா பேசினாள்.

"அப்பல்லாம் ஏது போனு. கேசட்டுதான். ஊருக்கு வர ஆளுங்க கையில குடுத்தனுப்புவாங்க. அவங்க பேசி அனுப்புவாங்க, நான் கேட்டுட்டு அதே கேசட்டுல மேலயே பேசி அனுப்புவேன். நான் பேசப் பேச அவங்க பேசனது அழிஞ்சிடும். மங்கலம்பேட்டையில எல்லா வூட்டுலயும் அப்பிடித்தான். ரெண்டு கேசட்டு வாங்கணும்னு யாருக்குத் தோணுச்சு? அஞ்சு வருசம், மாசம் ஒண்ணு. அத்தினியையும் நானே அழிச்சேன்."

"அது ஒன் தப்பு இல்லம்மா."

"அது தப்பு இல்ல. இது தப்பு." பதினேழைக் காட்டினாள். "ஒனக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான்ல, நிஜாம். எட்டு மாசம். மூணு நாள் காச்சல்ல போயிட்டான். அவங்களுக்கு லீவு குடுக்கல, வரல. நாப்பதாம் நாளு எல்லாரும் போன பொறவு நான் கதவச் சாத்திக்கினு கேசட்டுல பேசுனேன். கண்டபடி பேசுனேன். புள்ளையோட மொகத்தக்கூட பாக்காத மனுஷன் எனக்கு எதுக்குன்னேன். கடைசியில சொன்னேன்..."

அவள் விரல் தரையைத் தடவிக்கொண்டிருந்தது.

"ஒங்க கொரலே இனி எனக்குக் கேக்க வேணாம்னு சொன்னேன்."

தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துப் போனது.

"பதில் வந்துச்சு. ரெண்டு மாசம் கழிச்சு. நான் கேக்கல, ஷிபா. ஒரு வார்த்த கேக்கல. டேப்ரிக்கார்டர்ல போட்டேன், பதியற செவப்பு பட்டன அமுக்கிட்டு எழுந்து போயிட்டேன். ஒண்ணுமே பேசல. ரெண்டு பக்கமும் வெறுஞ்சத்தம். வூட்டுச் சத்தம். அத்த அப்பிடியே அனுப்பிட்டேன். மறு வருசம் வேலைய வுட்டுட்டு வந்துட்டாங்க. அதப் பத்தி அவங்க ஒரு நாளும் கேக்கல. நானும் சொல்லல. அவங்க மௌத்தான பொறவு நாலு மாசம் பத்து நாளு வாசல் தாண்டாத இத்தாவுல இந்தச் செவுத்தப் பாத்துக்கினு ஒக்காந்திருந்தேன்ல, இது ஒண்ணுதான் மனசுல ஓடிக்கினு இருந்துச்சு."

"ம்மா..."

"பொறவு அந்த ஆபரேசன். ஆஸ்பத்திரியில இனிமே கொரலு வராதுன்னு டாக்டர் சொன்னாரு. அவங்க என்னையப் பாத்தாங்க. நான் வேற பக்கம் பாத்தேன். நான் கேட்டதுதானே அது? அல்லா குடுத்துட்டான்னு நெனச்சேன்."

ஷிபானா அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மருத்துவத்தில் இதற்குக் காரணம் வேறு என்று சொல்லலாம். அம்மாவுக்கும் அது தெரியும். தெரிந்தும் பதினான்கு வருடம் சுமந்திருக்கிறாள்.

"நான் பேசனத அவங்க அழிக்கல," அம்மா சொன்னாள். "என்னைய மாரி அழிக்கல. அத்தினி ஏச்சையும் எடுத்துப் பத்திரமா வச்சிருக்காங்க. அத்த நான் எப்பிடிக் கேப்பேன்? அவங்க இன்னா சொல்லியிருந்தாலும் நான் எப்பிடிக் கேப்பேன்? அது பெல்ஜியமோ எதுவோ, அங்கயே போவட்டும். அங்க யாருக்கும் தமிழு தெரியாது."

ஷிபானா எழுந்தாள். பையிலிருந்து துணியில் சுற்றிய வெற்று ஸ்பூலை எடுத்தாள். இன்னும் லேசாகக் கதகதப்பு இருந்தது. மெஷினில் மாட்டினாள்.

"இன்னாது அது?"

"ஒண்ணும் இல்லாத டேப்பும்மா. இதுவும் நேத்து வரைக்கும் ஓடல."

பட்டனை அழுத்தினாள். சக்கரங்கள் திரும்பின. 'உஸ்' என்ற சத்தம் மட்டும் வந்தது.

பத்து. பதினொன்று. பன்னிரண்டு.

நிற்கவில்லை. கத்தவில்லை. முப்பது வினாடி. ஒரு நிமிடம். மூன்று நிமிடம். ஷிபானா நிறுத்தி ஹெட்டைப் பஞ்சால் துடைத்தாள். பஞ்சு வெள்ளையாகவே வந்தது. மறுபடியும் ஓடவிட்டாள்.

அம்மா அந்த வெறும் சத்தத்தைத் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அனுப்பிய அந்தக் கேசட்டிலும் இப்படித்தான் இருந்திருக்கும். பஹ்ரைனில் ஒரு அறையில், ஒரு மனிதர் உட்கார்ந்து இரண்டு பக்கமும் இதைக் கேட்டிருப்பார், எங்கேயாவது ஒரு வார்த்தை வருமா என்று.

பாஸ்கல் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"முப்பத்தொரு நிமிஷம்னா சொன்ன?" அம்மா கேட்டாள்.

"ஆமாம்மா."

"நான் இருபத்தாறுதான் ஏசியிருக்கேன்."

அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள். அட்டைப்பெட்டியிடம் போய்க் குனிந்தாள். மேலே இருந்த பதினேழை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டாள். குழந்தையைத் தூக்குவது போல ஒரு கை அடியில் போனது. அவளுக்கே அது தெரிந்திருக்காது.

"கோச்சுக்காதீங்க," பாஸ்கலிடம் சொன்னாள். "மத்ததெல்லாம் எடுத்துக்குங்க. இது இல்லன்னா கொறச்சுக் குடுங்க. தொட்டிய சின்னதா கட்டிக்கிறோம்."

பாஸ்கல் ஹெட்போனைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "பெல்ஜியத்துக்காரருகிட்ட பதினேழாம் நம்பர் இல்லன்னு எழுதிடறேன்மா. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. சூட்டுல எடுத்த டேப்பு கொஞ்ச நாள்தான் நல்லா இருக்கும். மறுபடியும் ஈரம் இழுத்துடும். மொத தடவ ஓட்டும்போதே காப்பி எடுத்துடணும்."

இருபத்திரண்டு ஸ்பூல்களோடு ஆட்டோ கிளம்பியது. தட்டுகளையெல்லாம் ஷிபானா முன்பே போனில் பதிந்து வைத்திருந்தாள். அம்மா கேட்டதால், மூன்றாவது ஸ்பூலின் தட்டை மட்டும் போட்டாள். டக், டக், டக். அம்மா சட்டென்று கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

அழுது முடித்த பிறகு கேட்டாள். "நாளைக்குக் காத்தால ஒங்கூட பட்டறைக்கு நானும் வரேன். இத்தா முடிஞ்சு இன்னும் வாசல் தாண்டல. இதுக்குத் தாண்டறேன். இன்னா செய்யணும்னு சொல்லு, எனக்குப் புரியற மாரி."

ஷிபானா சொன்னாள்.

"கொளஞ்சிண்ணன் டிரையர்ல, வாசல் பக்கத்துத் தட்டுல வைக்கணும். அம்பத்து நாலு டிகிரி, எட்டு மணி நேரம். மணிக்கு ஒருக்கா கால் சுத்து திருப்பணும். எடுத்து ராத்திரி முழுக்க ஆற வுடணும். மறுநா காத்தால மெஷின்ல மாட்டி, பாதி வேகத்துல, பக்கத்துலயே போனுல பதிஞ்சுக்கினு ஓட்டணும். மொத இருபத்தாறு நிமிஷம் நீ பேசுவ. டேப்பு நடுவுல நிக்காதும்மா. அதுக்கப்புறம் அத்தா பேசுவாங்க."